கடைசி ரூமுக்கு வைஃபை வரவில்லையா? முதலில் டப்பாவை இடம் மாற்றுங்கள்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் பல வீடுகள் ரயில் பெட்டி மாதிரி இருக்கும். அகலம் 12, 15 அடிதான். நீளம் 50, 60 அடி போகும். தெருவாசல், கூடம், நடு ரூம், படுக்கை ரூம், கடைசியில் சமையலறை. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர் சுவர். இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, தெருவாசல் நிலைக்கு மேலே ஓட்டை போட்டு, கண்ணில் பட்ட முதல் பிளக் பாயிண்ட் பக்கத்தில் வைஃபை டப்பாவை (ரவுட்டர்) மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கும். வைஃபை பிரச்சினை அங்கேயே, அந்த ஆணியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அதன்பிறகு வீட்டில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூடத்தில் படம் ஓடும். சமையலறையில் வீடியோ கால் உறைந்து நிற்கும். ஸ்பீடு பத்தவில்லை என்று நினைத்து 100 எம்பிபிஎஸ் (Mbps) வேகப் பிளானை 200 ஆக்குவார்கள். மாதாமாதம் பணம் கூடுதலாகப் போகுமே தவிர, கடைசி ரூமில் ஒரு மாற்றமும் இருக்காது. சம்புக்குள் மெட்ரோ தண்ணீர் எவ்வளவு வந்து விழுந்தாலும், மாடிக்கு ஏறும் பைப் அடைத்திருந்தால் மேல்குழாயில் சொட்டுத்தான் வரும். பிளான் என்பது சம்பு. வைஃபை என்பது அந்த பைப். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட செலவு செய்யாதீர்கள்.

கோளாறு எந்தப் பக்கம்?

ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராக டப்பாவில் செருகுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் பாருங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு ஒரு தடவை. இரண்டு நேரமும் பிளானுக்கு ஏற்ற வேகம் வந்தால் வெளி லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வீட்டுக்குள். காலையில் சரியாக வந்து ராத்திரி மட்டும் படுத்துவிட்டால், உங்கள் தெருவை இணைக்கும் லைனில் கூட்டம் அதிகம். அதற்கு வீட்டுக்குள் நீங்கள் எதை மாற்றினாலும் பயன் இல்லை. மாதக் கடைசியில் மட்டும் மெதுவாகிறது என்றால், பிளானில் சொன்ன டேட்டா அளவு தீர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

இந்த டெஸ்டில் ஓர் எண் வந்தால் மட்டும் உஷாராக வேண்டும். 94. உங்கள் பிளான் 200 அல்லது 300, ஆனால் எத்தனை தடவை பார்த்தாலும் 93, 94-ஐத் தாண்டவில்லை என்றால், எங்கோ ஒரு இடத்தில் 100 எம்பிபிஎஸ் லிங்க் இருக்கிறது என்று அர்த்தம். டப்பாவின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். விலை குறைந்த மாடல்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100 என்று இருப்பதுண்டு. இல்லையென்றால் கேபிளில் கோளாறு. லேன் கேபிளுக்குள் நாலு ஜோடி கம்பி இருக்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கி, 100-க்குத் தேவைப்படாத நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ அறுந்தால் இணைப்பு முழுதாகப் போகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும்.

லேப்டாப் இல்லாத வீட்டில், டப்பாவிலிருந்து நாலடி தள்ளி நின்று 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஃபோனை இணைத்துப் பார்த்தால் போதும். அச்சு அசலாக வராது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

வேகம் இருக்கிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்றால் பிங் பார்க்க வேண்டும், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று. பிங் போடும் ஆப் ஃபோனிலேயே கிடைக்கிறது. வைஃபை சரியில்லாத ரூமில் உட்கார்ந்து முதலில் டப்பாவின் முகவரிக்குப் பிங் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பிறகு வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்குப் போடுங்கள். டப்பாவுக்கே 3, 4, 250, 6, டைம் அவுட் என்று தாறுமாறாக வந்தால் வைஃபை கோளாறு. டப்பாவுக்கு ஒரே சீராக வந்து, 8.8.8.8-க்கு மட்டும் குதித்தால் வெளி லைன் கோளாறு. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு கஸ்டமர் கேருக்கு ஃபோன் போட்டால், ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்’ என்று அவர்கள் சொல்லும்போது உங்கள் கையில் பதில் இருக்கும்.

வெளி லைன் மேல் சந்தேகம் என்றால், ஃபைபர் டப்பாவின் முகவரியை பிரவுசரில் போட்டு, செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் ஆப்டிகல் அல்லது பான் (PON) என்று இருப்பதைத் திறங்கள். ஆர்எக்ஸ் பவர் (Rx Power) என்று ஒரு மைனஸ் எண் டிபிஎம் (dBm) அளவில் இருக்கும், ஃபைபர் வழியாக வந்து சேரும் வெளிச்சத்தின் பலம் அது. வீடுகளுக்கு வரும் ஜிபான் (GPON) வகை ஃபைபரில் –8-க்கும் –27-க்கும் நடுவே இருந்தால் டப்பா வேலை செய்யும். –15 முதல் –24 வரை நிம்மதி. –26, –27 என்றால் அது விளிம்பில் நிற்கிறது. கொஞ்சம் காற்றடித்தாலும் சிவப்பு லைட் எரியும். இதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே இருக்கும். மிச்சமான ஃபைபரை உள்ளங்கை அளவுக்குச் சுருட்டி டேப் போட்டு இறுக்கியிருப்பார்கள், அல்லது நிலை மூலையில் செங்கோணமாக மடித்து ஆணி அடித்திருப்பார்கள். ஃபைபர் உடையாமலே, வளைவு வழியாக வெளிச்சம் கசிந்துவிடும். சுருளைப் பிரித்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விட்டுக் கட்டினாலே எண் இரண்டு மூன்று டிபி ஏறலாம்.

டப்பாவுக்குள் போகும் ஃபைபர் கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை என்றால் அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலம் என்றால் நேர் முனை. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் இரண்டு முனையும் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழும், வெளிச்சம் வீணாகும். பச்சைக்குப் பச்சைதான். முனையை வேட்டியிலோ சட்டையிலோ துடைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், வெளிச்சம் போகும் ஒன்பது மைக்ரான் கண்ணாடி நடுப்பகுதியை மறைக்க. பஞ்சு உதிராத டிஷ்யூவில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு ஒரே திசையில் ஒரு தடவை இழுத்தால் போதும். இன்னொன்று: ஃபைபர் முனைக்குள் எட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். உள்ளே வருவது அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒன்றும் இல்லை என்று தோன்றும்.

சுவர் கணக்கு

லைன் சரி, கோளாறு வீட்டுக்குள்தான் என்று தெரிந்துவிட்டால், திரையில் தெரியும் கோடுகளை நம்பாமல் வைஃபை சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, லொகேஷன் அனுமதி கொடுத்தால் எண் வரும். ஐஃபோனில் ஏர்போர்ட் யூடிலிட்டி ஆப்பை இறக்கி, ஃபோன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு உள்ள வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். –50 அருமை. –60 நன்று. –67 வரை வீடியோ கால் சிக்கலில்லாமல் ஓடும். –75-இல் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வீடியோ திணறும். –80-க்குக் கீழே இருந்தால் இணைப்பு இருக்கிறது என்று பெயருக்குத்தான். மூன்று டிபி குறைந்தால் சிக்னல் பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. அதனால் –65-க்கும் –75-க்கும் உள்ள வித்தியாசம் சின்னது அல்ல.

ஒவ்வொரு ரூமிலும் வழக்கமாக எங்கே உட்காருவீர்களோ அங்கே உட்கார்ந்து, ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். டப்பா 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பேண்டில் வைஃபை தரும் என்றால், 2.4-க்கு ஒரு எண், 5-க்கு ஒரு எண்.

இப்போது ரயில் பெட்டி வீட்டுக்கு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். டப்பாவிலிருந்து ஒரு மீட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுமார் –30, 5 கிகாஹெர்ட்ஸ் சுமார் –36 இருக்கும். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டிபி போகும். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஒவ்வொன்றும் 2.4-இல் ஏறக்குறைய 8 டிபி, 5-இல் 13 டிபி சாப்பிடும். தெருவாசல் டப்பாவிலிருந்து சமையலறைக்கு 12 மீட்டர், மூன்று சுவர். தூரத்துக்கு 22 கழியும். 2.4-இல் –30, –22, –24 எல்லாம் சேர்ந்து –76. 5-இல் –36, –22, –39 சேர்ந்து –97, அதாவது ஒன்றுமே இல்லை. அதே டப்பாவை நடு ரூமுக்குக் கொண்டுபோனால் சமையலறை 6 மீட்டர், இரண்டு சுவர். 2.4-இல் –62 ஆகிவிடும். பக்கத்துப் படுக்கை ரூமுக்கும் கூடத்துக்கும் ஒரே ஒரு சுவர்தான் என்பதால் அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் நன்றாகவே கிடைக்கும். புது டப்பா இல்லை, புது பிளான் இல்லை, 14 டிபி லாபம். சிக்னல் இருபத்தைந்து மடங்கு கூடுகிறது. இதற்கு ஈடான வேறு மாற்றம் எதுவும் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

இடம் மாற்றும்போது உயரத்தையும் யோசியுங்கள். இந்தப் பழைய வீடுகளில் தெருக்கதவிலிருந்து கொல்லைக்கதவு வரை எல்லா நிலைகளும் ஒரே கோட்டில் இருக்கும். தெருவில் நின்றால் கொல்லை தெரியும். சிக்னலுக்கு அது ராஜபாட்டை, சுவரைத் துளைக்காமல் வாசல் வழியாகவே போய்விடும். ஆனால் டப்பாவைப் பரண் மேல், எட்டடி உயரத்தில் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். நிலையின் தலைப்பு ஏழடிதான். அதனால் கதவுகளின் நேர்க்கோட்டை ஒட்டி, ஐந்து ஐந்தரை அடி உயரத்தில் டப்பாவை மாட்டுங்கள்.

பீரோவை மறந்துவிடாதீர்கள். இரும்பு பீரோ சிக்னலை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அடித்துவிடும். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் ரூம் முழுக்க நிழலாகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பூச்சும் உலோகம்தான். ஃபிரிட்ஜும் இதே கணக்கு. தண்ணீர் டிரம், மீன் தொட்டி என்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் சிக்னலை உறிஞ்சிவிடும். டிவிக்குப் பின்னால் மறைவாக வைப்பது பார்க்க அழகு, சிக்னலுக்கும் சூட்டுக்கும் கேடு. வெளி ஆன்டெனா உள்ள டப்பாவாக இருந்தால், சிக்னல் ஆன்டெனாவின் நுனியிலிருந்து பாய்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். உளுந்து வடை மாதிரி, குச்சியைச் சுற்றிப் பக்கவாட்டில் பரவுகிறது. ஒரே தளம் என்றால் எல்லாவற்றையும் நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றைப் படுக்கவையுங்கள்.

கட்டடத்தின் வயதும் கணக்கை மாற்றும். மண்ணடி, சௌகார்பேட்டைப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களில் சுவர் ஒன்றரை அடி, சில இடங்களில் அதற்கும் மேல். ஒரு சுவரைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் போய்விடும். ஆனால் மெட்ராஸ் டெரஸ் கூரையில் கம்பி வலை இல்லை. தேக்கு உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அதனால் பக்கத்து ரூமைவிட நேர் மேலே இருக்கும் ரூமுக்கு நன்றாக எடுக்கலாம். கொளத்தூர், கொடுங்கையூர், மாதவரம் பக்கத்துப் புது வீடுகளில் இது தலைகீழ். சுவர் மெல்லியது, தளமோ கம்பி கட்டிய கான்கிரீட். அங்கே மாடிக்கு வைஃபை ஏறுவது மாடிப்படி வழியாகத்தான். டப்பா படிக்கட்டுப் பக்கம் இருக்க வேண்டும்.

மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ரூம் என்றால் கீழிருந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குத் தனி ஒயர்தான்.

டப்பாவை நகர்த்த ஃபைபர் எட்டாதே என்பார்கள். ஃபைபரை நீட்ட லைன் வேலை செய்யும் தம்பியிடம் 10 மீட்டர் பேட்ச் கார்டும் (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள ஃபைபர்) அதை இணைக்க ஒரு கப்ளரும் கேளுங்கள். இரண்டு முனையும் பச்சை. ஒரு கப்ளர் சேர்ப்பதால் அரை டிபிக்கும் குறைவாகத்தான் போகும். ஆர்எக்ஸ் பவர் ஏற்கெனவே –26 என்றால் மட்டும் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு வைஃபை

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் பிரச்சினையே வேறு. வீடு சின்னது, சுவர் ஒன்றோ இரண்டோதான், சிக்னல் –50 என்று பிரமாதமாகக் காட்டும். ஆனாலும் ஓடாது. ஸ்கேன் செய்து பார்த்தால் இருபது முப்பது பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரே அலைவரிசையில் இத்தனை பேரும் முறை வைத்துப் பேச வேண்டும். வைஃபையின் சட்டம் அது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

இத்தனை சின்ன வீட்டில் 2.4-ஐ விட்டுவிட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே மருந்து. சுவரை எளிதில் தாண்டாது என்ற அதன் பலவீனம் இங்கே வரமாகிறது, பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸும் உங்கள் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ஃபோன் தானாகவே 2.4-இல் போய் ஒட்டிக்கொள்வதுண்டு. அதனால் பெயரைத் தனித்தனியாகப் பிரித்து, ஃபோனுக்கும் டிவிக்கும் 5-ஐக் கொடுங்கள். லோக்கல் கேபிள்காரர் கொடுத்த டப்பாவில் 2.4 மட்டுமே இருந்தால் டூயல் பேண்ட் டப்பா கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் டெபாசிட் போனாலும் பரவாயில்லை, இது நியாயமான செலவு.

2.4-இலேயே இருந்தாக வேண்டும் என்றால், டப்பாவின் செட்டிங்ஸில் சேனல் (பேண்டுக்குள் இருக்கும் தடம்) 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள். இவை மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை. காலியாக இருக்கிறதே என்று சேனல் 3-இலோ 4-இலோ போய் உட்காருவது பெரிய தப்பு. ஒரே சேனலில் இருப்பவர்களுக்கு ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியும், முறை வைத்துக்கொள்வார்கள். 3-இல் இருக்கும் உங்கள் டப்பாவுக்கு 1-உம் 6-உம் வெறும் இரைச்சல், அவர்களுக்கு நீங்களும் இரைச்சல். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 என்று வைத்தால் கூட்டத்தில் இரண்டு சீட்டைப் பிடிக்கப் பார்ப்பது போல, கடைசியில் ஒன்றும் கிடைக்காது. ஆட்டோ என்று விட்டிருந்தால், பல டப்பாக்கள் ஆன் ஆகும்போது மட்டுமே சேனலைத் தேர்ந்தெடுக்கும். பகல் பதினொன்றுக்குக் காலியாக இருந்த சேனல் ராத்திரி ஒன்பதுக்குச் சந்தையாகிவிடும். ராத்திரி ஸ்கேன் செய்து, பலமான பெயர்கள் குறைவாக உள்ள சேனலை நீங்களே போடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை வைத்து, அகலம் 80 கொடுங்கள். நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். டப்பா குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசும், ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் உடனே சேனலை விட்டுவிடும். துறைமுகத்தில் வானிலை ரேடார் இருப்பதால்தான் ராயபுரத்தில் வைஃபை அறுந்துபோகிறது என்று சிலர் சொல்வதுண்டு. அந்த ரேடார் எஸ் பேண்ட் வகை, 3 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இயங்குவது. உங்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய டிவி ஸ்டிக்குகளுக்கு இந்த நடுச் சேனல்கள் பல நேரம் கண்ணுக்கே தெரியாது என்பதும் அவற்றைத் தவிர்க்க ஒரு காரணம்.

பாஸ்வேர்டு பகுதியில் செக்யூரிட்டி டபிள்யுபிஏ2 ஏஇஎஸ் என்று இருக்கிறதா பாருங்கள். டிகேஐபி (TKIP) அல்லது வெப் (WEP) என்று பழைய முறையில் இருந்தால், டப்பா எத்தனை புதிதாக இருந்தாலும் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. அந்தத் தரத்தின் விதியே அப்படி.

ஒயர்தான் கடைசி வரை கைகொடுக்கும்

இடம் மாற்றி, சேனல் மாற்றி, அதற்கும் பிறகு ஒரு ரூம் –75-இலேயே நின்றால், அங்கே இரண்டாவது டப்பா வேண்டும். கடைக்குப் போனால் எக்ஸ்டெண்டரைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள். பிளக்கில் செருகினால் போதும் என்ற வசதி உண்மைதான். ஆனால் அது ஒரே காதால் கேட்டு ஒரே வாயால் திரும்பச் சொல்வது, ஒரே பேண்டில் இரண்டு வேலையும் செய்தால் வேகம் பாதியாகும். அதைவிட மோசம், சிக்னல் செத்த ரூமிலேயே அதைச் செருகுவது. அங்கே அதற்கே கேட்காது, எதைத் திருப்பிச் சொல்லும்? வாங்கியே ஆக வேண்டும் என்றால் டப்பாவுக்கும் அந்த ரூமுக்கும் நடுவே, –60 முதல் –65 வரை கிடைக்கும் இடத்தில் செருகுங்கள். இரண்டு மூன்று டப்பாக்கள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் செட்டுக்கும் இதே விதிதான்.

என்னைக் கேட்டால் 15 மீட்டர் கேட்6 கேபிளும் ஒரு பழைய ரவுட்டரும் போதும். அநேக வீடுகளில் பரணில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழைய ரவுட்டரை லேப்டாப்போடு இணைத்து அதன் செட்டிங்ஸுக்குப் போங்கள். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முதல் டப்பா 192.168.1.1 என்றால்தான் இந்த எண், அது 0.1 என்றால் 0.2. ஃபோன், லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி (DHCP) சர்வரை ஆஃப் செய்யுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் டப்பாவில் இருப்பதையே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள், சேனலை மட்டும் வேறாக வையுங்கள். முதலில் 1 என்றால் இதில் 6 அல்லது 11. பிறகு முதல் டப்பாவின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள். வான் (WAN) என்று எழுதிய போர்ட்டில் செருகாதீர்கள், செருகினால் வீட்டுக்குள் இன்னொரு நெட்வொர்க் உருவாகி, டிவிக்கு ஃபோனைத் தெரியாது, பிரிண்டருக்கு லேப்டாப்பைத் தெரியாது. டிஹெச்சிபியை அணைக்க மறந்தாலும் வினைதான். இரண்டு டப்பாவும் முகவரி கொடுக்க ஆரம்பித்து, சில ஃபோன்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் பலர் நல்ல ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு ஏமாற்று இருக்கிறது. உள்ளே சுத்தச் செம்பு இருக்க வேண்டும். விலை மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசியது. ஒரு கம்பியின் நுனியை பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். செம்பு என்றால் சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருக்கும். முலாம் என்றால் இரண்டாவது இழுப்பிலேயே வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் அலுமினியம் பட்டென்று முறியும். அந்தக் கேபிள் முதல் நாள் நன்றாகவே ஓடும். கடல் காற்றும் ஈரமும் சேர்ந்தால் கிரிம்ப் செய்த, அதாவது கம்பியைக் கனெக்டரில் அழுத்திப் பொருத்திய, இடம் தளர்ந்து, முதலில் சொன்ன அந்த 94-இல் கொண்டுவந்து நிறுத்தும்.

கிரிம்ப் செய்யும் வரிசை, கனெக்டரின் கிளிப் கீழே இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலம்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இரண்டு முனையும் ஒரே மாதிரி. ஜோடியின் முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்காதீர்கள். கேபிளை ஈபி ஒயர் போகும் பைப்புக்குள் விடவே கூடாது, தனி கேசிங் போட்டு அரை அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். மாடிக்கு வெளிச்சுவர் வழியாக ஏற்றினால் வெளியில் போடும் கறுப்பு உறைக் கேபிள் வாங்குங்கள், சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் வெடித்துவிடும். ஜன்னலில் நுழையும் இடத்தில் கேபிள் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறிப் போக வேண்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் வராது.

காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றுக்குத் தனிக் கவனம் தேவை. லேன் கனெக்டரின் பின்களில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் துடைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். முனையை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள். அடாப்டர் பின்னிலும் இதே கறை வரும். டப்பா தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தால் வைஃபையைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வயதானால், சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும், நாலு பேர் வீடியோ பார்க்க ஆரம்பித்தால் வோல்டேஜ் சரிந்து டப்பா அணைந்து எரியும். மாற்றும்போது டப்பாவின் ஸ்டிக்கரில் உள்ள வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. 9 வோல்ட், 12 வோல்ட் பின்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்பதால் மாறிப்போக வாய்ப்பு அதிகம்.

கரண்ட் போனாலும் நெட் வேண்டும் என்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குபவர்கள் முதலில் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். ஜிபான் ஃபைபர் என்றால் தெருவில் இருக்கும் பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. அதனால் தெருவே இருண்டாலும் உங்கள் டப்பாவுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் பெரும்பாலும் நெட் வரும். பக்கத்து மாடியில் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து லேன் கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தால், அந்த மாடிக்குக் கரண்ட் போனவுடன் உங்கள் யுபிஎஸ்ஸுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட லேன் கேபிள் கனெக்‌ஷனில் இடி மின்னலின்போது கேபிளைக் கழற்றி வைப்பதும் நல்லது, செம்புக் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி போர்ட்டைச் சுட்டுவிடும்.

இத்தனையும் செய்து, கோளாறு வெளி லைனில்தான் என்று உறுதியானால் எண்களோடு பேசுங்கள். ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு, லேன் கேபிளில் காலை வேகம், ராத்திரி வேகம், 8.8.8.8 பிங் எந்த நேரத்தில் குதித்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தெரிந்த லைன்மேன் அண்ணனிடம் வாய்வார்த்தையாகச் சொல்வது புகார் ஆகாது. டாக்கெட் எண் இருந்தும் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.